டிம் போட்டால் எரியும் நீல விளக்கு

அக்டோபர் 14, செவ்வாய்

நமணசமுத்திரம் தாண்டியதும் முன்விளக்கு இரண்டும் அணைந்துவிட்டன. அம்மா டயாலிசிஸ் முடிந்த களைப்பில் பின் சீட்டில் படுத்திருந்தாள். தூறல் வேறு. அப்பா பிரேக்கை அழுத்தவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியை ஞாபகத்தாலேயே ஓரம் கட்டினார். பின்னால் வந்த லாரிக்காரர் எங்களைப் பார்த்தது தெய்வச் செயல். வண்டி மண்ணில் இறங்கிக் குலுங்கியதும் விளக்கு தானாக எரிந்தது. வலது பக்கம் சரியாக, இடது பக்கம் பீடி நெருப்பு மாதிரி. திருமயம் வரை முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்தோம்.

“ஒண்ணும் ஆகலயே ஆத்தா, ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க?” என்று இறங்கும்போது கேட்டார். நாளைக்கு இப்படி ஒன்று நடந்ததாகவே ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால்தான் இன்றே எழுதிவைக்கிறேன்.

இன்னொன்றும் மறக்கக்கூடாது. டிம்மில் வரும்போது டேஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கு லேசாக எரிந்தது. எரியக்கூடாது.

அக்டோபர் 15, புதன்

புதுக்கோட்டை உதிரிபாகக் கடையில் 100/90 வாட் பல்பு வாங்கி வந்திருக்கிறார் அப்பா. “இதப் போட்டா பகல் மாதிரி இருக்கும்” என்றாராம் கடைக்காரர். எங்கள் வண்டியில் இருப்பது 60/55. டிம்முக்கு 55 வாட், 12 வோல்ட் என்றால் பல்புக்கு ஏறக்குறைய நாலரை ஆம்பியர். 90 வாட்டுக்கு ஏழரை. இரண்டு பல்புக்கும் சேர்த்து 15 ஆம்பியர், முப்பது வருட வயரிலும் ஒரே ஒரு ஸ்விட்ச்சிலும் ஓட வேண்டும். இருக்கிற சுமைக்கே தடுமாறுகிற வயர் அது. பிடிவாதமாக மறுத்துவிட்டேன். அப்பா கோபமாகப் பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார்.

கண்ணாடி போடாமலே படித்தார். இந்த வருடம்தான் இப்படி. “அறுபத்தெட்டு வயசுல எவனுக்குடி இந்தக் கண்ணு இருக்கு?” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார்.

அக்டோபர் 16, வியாழன்

மழை. பானெட்டைத் திறக்கவே முடியவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

வாடகைக் காரில் போய்வந்தோம். போகவர 1,200 ரூபாய். வாரத்துக்கு இரண்டு முறை இதைக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. ஊசி குத்தியிருந்த நாலு மணி நேரமும் நான் ஒயரிங் படம் வரைந்துகொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள். “எனக்கு வைத்தியம் பாக்க வந்தியா, அந்த வண்டிக்கா?” வருத்தமாகத்தான் கேட்டாள். நோட்டை மூடிவிட்டு அவள் காலைப் பிடித்துவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையிலேயே ஒயரிங் பாய் வந்துவிட்டார். தீபாவளிக்கு முதல் நாள், கடையில் வேலை குவிந்து கிடக்கிற நேரத்திலும் அம்மாவுக்காக வந்தார். எங்கள் வண்டி தொண்ணூறுகளின் அம்பாசிடர் நோவா. உத்தர்பாரா ஆலை 2014இல் நின்றுபோன பிறகு இதை முழுதாகத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். லைட் கண்ணாடி கிடைப்பதில் பிரச்சினை இல்லை, ஜீப்புக்கும் இதே 7 அங்குல வட்டம்தான். வயரின் போக்கு தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை.

என்னிடம் மல்டிமீட்டர் இருந்தது. பல்பைக் கழற்றி, கப்ளரில் வைத்துக் காட்டினேன். இடதிலும் 12க்கு மேல், வலதிலும் 12க்கு மேல். “கரண்ட் ஒழுங்கா வருதே பாய்” என்றேன்.

“சும்மா நிக்கிற வயர்ல அது அப்படித்தான் காட்டும்மா. ஒத்த இழை ஒட்டிக்கிட்டிருந்தாலும் 12 காட்டும். பல்பை மாட்டு, எரிய விடு, அப்பறம் அள.”

இதை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். மீட்டர் இழுக்கிற மின்சாரம் ஒன்றுமே இல்லை. கறுத்துப்போன முனையும் அறுந்துகொண்டிருக்கும் வயரும் அந்தச் சோதனையில் தேறிவிடும். நாலரை ஆம்பியர் ஓடும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும். அதனால்தான் பாய் மீட்டரை விடப் பழைய டெஸ்ட் லேம்ப்பை அதிகம் நம்புகிறார். அது கொஞ்சமாவது சுமை கொடுக்கிறது.

பல்பை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு டிம் போட்டோம். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை இடது பல்பின் எர்த் காலில். சுழியமோ, மிஞ்சினால் 0.2 வோல்ட்டோ காட்ட வேண்டிய இடத்தில் 8 வோல்ட்!

நீல விளக்கின் ரகசியமும் அப்போதே புரிந்தது. பல்புக்குள் டிம்முக்கு ஓர் இழை, பிரைட்டுக்கு ஓர் இழை, இரண்டுக்கும் பொதுவாக ஒரே எர்த். அந்த எர்த் அடைத்துப்போனால் டிம் இழைக்குள் நுழைந்த மின்சாரம் வெளியேற வழியில்லாமல் பிரைட் இழைக்குள் திரும்பி நுழைகிறது. பிரைட் வயரில் எதிர்த்திசையில் ஓடி, வலது விளக்கின் பிரைட் இழை வழியாகவும் டேஷ்போர்டின் நீல விளக்கு வழியாகவும் பாடியை அடைகிறது. வரிசையாக மூன்று இழைகள் வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்வதால் ஒன்றும் முழுதாக எரிவதில்லை. டிம்மில் நீல விளக்கு மங்கலாக எரிந்தால் பல்பைக் குறை சொல்லாதீர்கள், முதலில் எர்த்தைப் பாருங்கள்.

லூகாஸ் முறைப்படி பிரைட்டுக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு, டிம்முக்கு நீலத்தில் சிவப்புக் கோடு, எர்த்துக்குக் கறுப்பு. எப்போதோ யாரோ மூன்றையுமே சிவப்பு வயராக மாற்றியிருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தடவிப் பிடித்துத்தான் எர்த் எங்கே போகிறதென்று கண்டோம். ரேடியேட்டருக்குப் பக்கத்தில், பெயின்ட்டின் மேலேயே முடுக்கிய போல்ட்டில் ஒரு லக். பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. உப்புத்தாளால் தகரம் பளபளக்கும் வரை தேய்த்து, புது லக் போட்டு முடுக்கி, மேலே வாசலின் தடவினார். 0.1 வோல்ட். நீல விளக்கு அணைந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

ஆனால் இரண்டு விளக்கும் சேர்ந்து போனது வேறு கதை. டேஷ்போர்டுக்குள் ஸ்விட்ச்சின் கப்ளர் உருகிக் கறுத்திருந்தது. அதை ஆட்டினால் அணைகிறது, விட்டால் எரிகிறது. பேட்டரியில் 13.9, பல்பில் 11.5. நடுவே காணாமல்போன வோல்ட் எல்லாம் வயரையும் கப்ளரையும் சூடாக்கத்தான் போயிருக்கிறது. வோல்ட் பத்து சதம் குறைந்தால் இழை பல்பின் வெளிச்சம் முப்பது சதம் குறைந்துவிடும். அப்பா ஒரு வருடமாக “வெளிச்சம் பத்தல” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “பாத்தியா, நான் சொன்னப்ப யாரும் கேக்கல” என்றார். உண்மைதான், யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அம்மா ஒரு வாய் இனிப்பு, அளந்து அரை டம்ளர் தண்ணீர்.

அக்டோபர் 23, வியாழன்

ரிலே மாட்டியாகிவிட்டது, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் பியூஸ் வழியாகத் தடித்த வயர் 30ஆம் எண் காலுக்கு, 87இலிருந்து விளக்குக்கு. பழைய ஸ்விட்ச் வயர் 86க்கு, 85 எர்த்துக்கு. இனி ஸ்விட்ச் வழியாக ஓடுவது ரிலே சுருளுக்கான கால் ஆம்பியருக்கும் குறைவு. கப்ளரும் புதுசு. பல்பில் 13.4 வோல்ட்!

இருட்டியதும் பள்ளிக்கூடச் சுவரில் அடித்துப் பார்த்தோம். கறுப்புப் பொட்டு ஒட்டிய அதே கண்ணாடி, அதே 60/55 பல்பு. சுவரில் எழுதியிருந்த குறள் கடைசி எழுத்து வரை தெரிந்தது. 100/90 பல்பைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். நிம்மதி.

அக்டோபர் 24, வெள்ளி

அப்பா ஓட்டினார். சாலை துல்லியமாகத் தெரிந்தது. புளியமரத்து வெள்ளைப் பட்டைகள் தூரத்திலிருந்தே வரிசையாக வந்தன. ஆனால் எதிரே பஸ் வரும்போதெல்லாம் அப்பா ஏறக்குறைய நின்றேவிட்டார். பஸ் போன பிறகும் சில விநாடி நகரவில்லை. லேனா விலக்குப் பக்கம் ஓரமாக நடந்துபோன இருவரை நான் கத்திய பிறகுதான் பார்த்தார்.

“லைட் இன்னும் பத்தல. பாயைத் திரும்ப வரச் சொல்லு” என்றார். நான் பதில் பேசவில்லை.

அக்டோபர் 25, சனி

மீட்டரோடு மறுபடி எல்லா இடத்தையும் அளந்தேன். எரியும்போதே அளந்தேன். 13.4.

அக்டோபர் 28, செவ்வாய்

டயாலிசிஸ் சிஸ்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். பகலில் நன்றாகப் பேப்பர் படிப்பவருக்கு ராத்திரியில் மட்டும் பார்வை குறையுமா என்று. “கண்ணாடி இல்லாமத் திடீர்னு படிக்க ஆரம்பிச்சாரா?” என்று அவர் திருப்பிக் கேட்டார். புரை வளரும்போது சிலருக்குக் கிட்டத்தில் இருப்பது அப்படித் தெளிவாகத் தெரியுமாம், எதிர்வெளிச்சம் மட்டும் சிதறுமாம். கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்.

திரும்பும்போது சாவியைக் கேட்டேன். அப்பா வெகுநேரம் கொடுக்கவில்லை. அம்மாதான், “குடுங்களேன், புள்ள ஓட்டட்டும், நீங்க என் பக்கத்துல உக்காருங்க” என்றாள்.

நவம்பர் 4, செவ்வாய்

நான்தான் ஓட்டுகிறேன். விளக்கில் குறையில்லை. வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். வர முடியாது, எனக்கு ஒன்றுமில்லை என்கிறார்.