மாதிரி எடுக்கச் சென்றவர்

பொதுத்துறை நிறுவனங்களின் ஊழல் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒப்பந்தப்புள்ளி அறையோடு நின்றுவிடுகிறது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் பணியாற்றியதோ உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில், எரிபொருள் நிலையங்களுக்கு நடுவே. கலப்படத்துக்காக மூடப்பட்டு மீண்டும் திறந்த ஒரு நிலையத்தைச் சோதிக்கச் சென்றவர் 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27.

விதிகளில் குறையில்லை, மாதிரி எடுக்கலாம், விற்பனையை நிறுத்தலாம். அவ்வளவும் களத்திலிருந்த ஓர் இளம் அதிகாரியின் தோளில் ஏற்றப்பட்டிருந்தது. இடர் மதிப்பீட்டு அட்டவணைகளில் இதற்கெனக் கட்டம் இருப்பதில்லை. முறைகேட்டை அம்பலப்படுத்துவோரைக் காக்க 2014-இல் இயற்றப்பட்ட சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 2004-ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் புகார் அளிப்பவரின் பெயரை மறைத்துக் காக்கிறது. குப்பியுடன் நேரில் சென்று நிற்பவரின் பெயரை எவ்வாறு மறைப்பது?