மூன்றரை கஜம்



குறுவட்டக் கபடி இறுதிப் போட்டியில் நம்ம பள்ளிப் பெண்கள் அணி 18–22 என்று தோற்றது எல்லோருக்கும் தெரியும். "ஏன்டி ஆமை மாதிரி விளையாடினீங்க?" என்று இன்னும் வராண்டாவில் நிறுத்திக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதான் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். அந்த யோசனையைக் கொடுத்தது நான்தான். அது எனக்கு எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? அமெரிக்காவிலிருந்து!

என் மாமா (அம்மாவின் தம்பி) கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறார். லீவுக்கு வந்திருந்தபோது, போன வருஷம் நாங்கள் இதே அணியிடம் 19–44 என்று தோற்றதைச் சொல்லி அழாத குறையாகப் புலம்பினேன். மாமா சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து, "பாப்பா, இதைப் பாரு" என்று ஒரு பழைய மேட்ச்சைப் போட்டார்.

அது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால். நம்ம ஃபுட்பால் இல்லை. பந்து முட்டை மாதிரி இருக்கும், கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். 10 கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. முன்னேறினால் மறுபடியும் நான்கு. முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. கோட்டைத் தாண்டினால் டச் டவுன், அதற்கு 6 பாயிண்ட். அதன்பின் ஓர் உதைக்கு 1. தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், அதற்கு 3. ஆட்டம் மொத்தம் 60 நிமிடம்.

ஓரிகன் பல்கலைக்கழக அணி அந்தக் காலத்தில் புயல் மாதிரி. ஓர் ஆட்டம் முடிந்து எதிரணி மூச்சு வாங்குவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுவார்களாம். ஸ்டான்ஃபோர்டு அணி அவர்களிடம் 2010-இல் 31–52 என்றும், 2011-இல் 30–53 என்றும் தோற்றது. 30 பாயிண்ட் எடுத்தும் தோல்வி! எனக்கு உடனே எங்கள் 19–44 ஞாபகம் வந்தது.

2012-இல் ஸ்டான்ஃபோர்டு கூடுதல் நேரத்தில் 17–14 என்று ஜெயித்தது. மாமா போட்டது அதற்கடுத்த மேட்ச், 2013 நவம்பர் 7. ஓரிகன் அந்த சீசனில் அதுவரை ஆடிய எட்டிலும் ஜெயித்து, சராசரியாக 50 பாயிண்டுக்கு மேல் எடுத்திருந்தது.

"நீ பயிற்சியாளரா இருந்தா என்ன பண்ணுவே?" என்று மாமா கேட்டார்.

"அவங்களை விட வேகமா விளையாடுவேன்."

"அதைத்தான் போன வருஷம் பண்ணீங்க" என்றார். குத்தியது.

ஸ்டான்ஃபோர்டு பயிற்சியாளர் டேவிட் ஷா வேகத்துக்கு வேகம் போகவில்லை. டைலர் காஃப்னி என்ற ஒரே ஆளிடம் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் ஓடுவார், நான்கு பேர் மேலே விழுவார்கள். எழுந்து வருவார், மறுபடி ஓடுவார். மொத்தம் 45 தடவை! கிடைத்தது 157 கஜம். நான் வகுத்துப் பார்த்தேன். ஒரு ஓட்டத்துக்குச் சுமார் மூன்றரை கஜம். நம்ம பள்ளி வராண்டாவின் அகலம்கூட இருக்காது.

இதில் என்ன சூட்சுமம்? எறிந்த பந்து கீழே விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். ஓடுபவர் மைதானத்துக்குள்ளேயே விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பந்து ஸ்டான்ஃபோர்டிடம் இருந்த நேரம் 42 நிமிடம் 34 விநாடி. ஓரிகனுக்கு மிச்சம் 17 நிமிடம் 26 விநாடிதான். எவ்வளவு பெரிய புயலாக இருந்தாலும் ஓரமாக உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்ய முடியும்? கடைசிக் கால் பகுதியில் 26–0 வரை போய்விட்டது. அதன்பின் ஓரிகன் விழித்துக்கொண்டு 20 எடுத்தது. நான் நகத்தைக் கடித்தேன். ஆனால் நேரம் போதவில்லை. 26–20, ஸ்டான்ஃபோர்டு வெற்றி!

அன்று இரவே நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். எங்கள் போட்டி இரண்டு பாதியும் சேர்த்து 30 நிமிடம், அதாவது 1800 விநாடி. அவர்களுடைய ரைடு 12 விநாடியில் முடிந்துவிடும். நாங்களும் 12 விநாடியில் திரும்பினால் அவர்களுக்கு 75 ரைடு கிடைக்கும். நாங்கள் முழு 30 விநாடியும் எடுத்துக்கொண்டால் 42 ரைடுதான். டிவியில் வருகிற மூன்றாவது ரைடு விதி எங்கள் போட்டியில் கிடையாது. அதனால் வெறும் ரைடு எத்தனை போனாலும் குற்றமில்லை.

பி.இ.டி. மிஸ்ஸிடம் நோட்டைக் காட்டினேன். மிஸ் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா பசங்க கத்துவாங்க, தாங்குவியா?" என்றார். தலையாட்டினேன்.

போட்டியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் பாடிக்கொண்டே போவேன், கோட்டைத் தொடுவேன், இங்குமங்கும் நகர்வேன், 28-ஆவது விநாடியில் திரும்புவேன். "தூங்குறியா?" என்று நம்ம பள்ளிக்காரர்களே கத்தினார்கள். காது சுட்டது. ஆனால் இடைவேளையில் 8–9! போன வருஷம் அதே நேரத்தில் நாங்கள் பாதிகூட எடுக்கவில்லை. கடைசி நான்கு நிமிடத்தில் 14–14. எதிரணிப் பெண்கள் ஒருவரை ஒருவர் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் எங்களிடம் மிச்சமிருந்த மூன்று பேரும் அவுட் ஆகி லோனா விழுந்தது. 14–19.

நண்பர்களே, இதற்கு மேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். நாம் பின்தங்கி இருக்கிறோம், கடிகாரம் இப்போது அவர்கள் பக்கம். நான் பாய்ந்திருக்க வேண்டும். மிஸ் வெளியிலிருந்து "போ, போ!" என்று கத்தினார். எனக்குக் கேட்டது. கேட்டும் இரண்டு ரைடு வெறும் கையோடு திரும்பினேன். "திட்டப்படிதானே விளையாடினேன்" என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மையில்லை. மாட்டிக்கொள்வேனோ என்று பயம். அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்துக்கொண்டேன். கடைசியில் நான்கு பாயிண்ட் எடுத்தேன், ஆனால் அவர்கள் அதற்குள் 22-க்குப் போய்விட்டார்கள்.

பஸ்ஸில் ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மாமாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "காஃப்னி மூன்றரை கஜம் எந்தப் பக்கம் போனார்?"

முன்பக்கம்! எனக்குச் சுரீர் என்றது. அவர் நேரத்தைக் கடத்தினார், ஆனால் ஒவ்வொரு தடவையும் அடி வாங்கிக்கொண்டு முன்னால் போனார். ஸ்டான்ஃபோர்டு எடுத்த 26 சும்மா வந்ததில்லை. இரண்டு டச் டவுன், நான்கு ஃபீல்டு கோல். நான் நேரத்தைக் கடத்தினேன், அவ்வளவுதான். மெதுவாகத் தாக்குவது வேறு, தாக்காமல் இருப்பது வேறு. நோட்டில் நான் போட்ட கணக்கில் அவர்களுடைய ரைடு எத்தனை குறையும் என்று இருந்தது. நமக்கு எத்தனை பாயிண்ட் வரும் என்று ஒரு வரிகூட இல்லை.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்கிறோம். அம்மி நகர வேண்டுமானால் அடி அதன்மேல் விழ வேண்டுமே!

இப்போது தினமும் காலையில் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டுத் திரும்பும் பயிற்சி எடுக்கிறோம். எதிரில் ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால் அதற்கு ஒரு பாயிண்ட். அதுதான் எங்களுடைய மூன்றரை கஜம். அடுத்த வருஷமும் 30 விநாடி எடுத்துக்கொள்வேன். நீங்களும் தாராளமாகக் கத்துங்கள். ஆனால் வெறும் கையோடு திரும்பினால் மட்டும் கத்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கபடி அணி ரைடர்,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு.