கொல்லிமலையில் வைத்த கடன்

நாவலாசிரியர்களுக்குக் கதை எங்கிருந்துதான் கிடைக்கிறது? வாசக நேயர்களில் இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கேட்காதவர் இருக்க முடியாது. நமக்கு நாமே ஒரு பதிலும் வைத்திருக்கிறோம். உயரமான ஒரு மலை. அதன் மேல் ஒரு பங்களா. ஜன்னலுக்கு வெளியே மேகம். மேஜையின் மேல் ஆவி பறக்கும் காப்பி. ஆசிரியர் ஆகாயத்தை அண்ணாந்து பார்க்கிறார். கற்பனை அருவி மாதிரி கொட்டுகிறது!

சகோதரிகளே, நீங்கள் தொடர்கதை படிக்கிற இடத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். அடுப்பில் சாதம் கொதிக்கும், குழந்தை புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும், கூடத்திலிருந்து, "இன்னும் சாப்பாடு ஆகவில்லையா?" என்று குரல் வரும். இவ்வளவுக்கும் நடுவில் கதாநாயகன் தப்பினானா இல்லையா என்று பார்த்துவிடுகிறீர்கள். நீங்கள் படிக்கிற அதே அவசரத்தில்தான் பெரும்பாலான தொடர்கதைகள் எழுதவும் பட்டிருக்கின்றன. பத்திரிகை ஆபீஸில் பத்து வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அச்சுக் கோப்பவர் வாசலில் நிற்பார். ஆசிரியர் கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருப்பார்.

அப்படியானால் கற்பனை, உந்துதல் என்பதெல்லாம் பொய்யா? பொய் இல்லை. ஆனால் அது நாம் நினைக்கிற மாதிரி வருவதில்லை. இதற்கு நல்ல அத்தாட்சியாகக் கொல்லிமலையையும் அமரர் கல்கியையும் சேர்த்துச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

'பார்த்திபன் கனவு' படித்தவர்களுக்குக் கொல்லிமலை என்றதும் முதுகு சில்லிடும். கபால ருத்ர பைரவர் என்ற ஒற்றைக் கை மனிதன் அங்கேதான் ஒளிந்திருக்கிறான். சூரிய கிரகணத்தன்று நீராடப் போன சோழ ராணி அருள்மொழித் தேவியை அவன் தூக்கிக்கொண்டு போகிறான். படகோட்டி பொன்னன் தேடிக்கொண்டு போகிறான். காடு, குகை, அமாவாசை இருட்டு, காளிக்கு நரபலி என்று கதை நம்மை மூச்சு விடாமல் இழுத்துச் செல்கிறது.

இந்தக் கதையை எழுதிய ரா. கிருஷ்ணமூர்த்தி 1899-ம் வருஷம் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தவர். திருச்சியில் தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1921-ல் காந்திஜியின் அழைப்பைக் கேட்டுப் படிப்பை உதறினார். விடுதலைக்காகச் சிறையும் சென்றார். திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் உதவியாசிரியராகச் சேர்ந்து எழுத்துத் தொழிலைக் கற்றுக்கொண்டார். பிறகு ராஜாஜி 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் தொடங்கிய காந்தி ஆசிரமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே 1929-ல் 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகை தொடங்கியபோது ராஜாஜிக்குத் துணையாக இருந்து அதை நடத்தினார். குடியினால் கெட்ட குடும்பங்களைப் பற்றிக் கிராமத்து ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் கதை எழுத வேண்டும் என்பது அங்கே வேலை. எளிய தமிழ் அவர் கைக்குப் பழகியதில் இந்த வேலைக்கும் பங்கு உண்டு.

இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் திருச்செங்கோடு இருக்கிறது. கிழக்குப் பக்கத்தில் கொல்லிமலை நிற்கிறது. படித்த ஊரான திருச்சியும் சரி, உழைத்த ஊரான திருச்செங்கோடும் சரி, அந்த மலைக்கு அக்கம் பக்கத்து ஊர்கள்தான். கதையில் சோழர் தலைநகர் உறையூர். உறையூரிலிருந்து ஆளைத் தூக்கிக்கொண்டுபோய் ஒளித்து வைக்க ஒரு மலை வேண்டுமென்றால், கொல்லிமலையை விட்டு அவர் வேறு எங்கே போவார்?

1941-ம் வருஷம் அவருக்குச் சோதனையான வருஷம். ஆனந்த விகடனில் ஆசிரியராக இருந்து பத்து வருஷம் போல் பேரும் புகழும் சேர்த்தவர், அதை விட்டு வெளியே வந்துவிட்டார். நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து, 1941 ஆகஸ்டில் 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு மூலதனம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்ரீமதி எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேஷம் போட்டு நடித்தார், அந்தப் பணம்தான்! ஒரு பெண்மணி தம்பூராவை ஏந்தி வேஷம் கட்டித் தேடிக் கொடுத்த முதலில் பத்திரிகை பிறந்தது.

புதுப் பத்திரிகைக்கு ஒரு தொடர்கதை உடனே வேண்டும். அந்த வருஷமே 'பார்த்திபன் கனவு' தொடங்கி, 1943 வரை வந்தது. அதுதான் அவருடைய முதல் சரித்திர நாவல். ஒரு கையில் தலையங்கம், மறு கையில் தொடர்கதை. 'கர்நாடகம்' என்ற பெயரில் சங்கீத விமரிசனம் வேறு! மலை மேல் பங்களா கட்டி உட்கார இவருக்கு நேரம் ஏது?

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கொல்லிமலைக் குகையில் கல்கி கொண்டுபோய் வைத்த மனிதனுக்கு ஒரு கைதான் உண்டு. மற்றொரு கை என்ன ஆயிற்று? கதையின் முடிவில் பதில் கிடைக்கிறது. அவன் வாதாபிச் சக்கரவர்த்தி புலிகேசியின் சகோதரன் நீலகேசி என்றும், வாதாபிப் போரில் பல்லவ சேனாதிபதி பரஞ்சோதியால் கையை இழந்தவன் என்றும் தெரிகிறது. பரஞ்சோதிதான் பின்னால் சிறுத்தொண்டராக ஆனவர். சாதாரணமாக ஒரு கதைக்கு இந்த விளக்கம் போதும். படித்தவர்களும் திருப்தியடைந்து அடுத்த கதைக்குப் போயிருப்பார்கள்.

கல்கிக்கு இது போதவில்லை. அடுத்து 1944-ல் அவர் தொடங்கியது 'சிவகாமியின் சபதம்'. கதை நடக்கிற காலம் பின்னோக்கிப் போகிறது. 'பார்த்திபன் கன'வில் வயதான சக்கரவர்த்தியாக வந்த நரசிம்மவர்மர் இதில் இளவரசர். காஞ்சியிலிருந்து வாதாபிக்குச் சிறைப்பட்டுப் போன நடன மங்கை சிவகாமியின் கதை விரிகிறது. கூடவே நாகநந்தி என்ற புத்த பிக்ஷு நிழலாகத் தொடர்கிறார். 1946-ல் கதை முடியும் தறுவாயில், 642-ம் ஆண்டு வாதாபி பற்றி எரிகிற அந்தக் கட்டத்தில், நாகநந்தியின் கை பரஞ்சோதியின் ஆயுதத்துக்கு இரையாகிறது. கையிழந்த பிக்ஷு உயிரோடு தப்பிப் போகிறார். எங்கே போகிறார் என்று முந்திய நாவலைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? கொல்லிமலைக்குத்தான்!

காயத்தை முதலில் காட்டிவிட்டார். கத்தி விழுந்த கதையைப் பிறகு சொன்னார். இடையில் பல நூறு பக்கங்கள். அந்தப் பக்கங்களில் அந்த வில்லனை வெறும் வில்லனாகவும் விடவில்லை. அஜந்தா வர்ணங்களின் ரகசியத்தை அறிந்த ரஸிகர், சிவகாமியின் நடனத்தைக் கண்டு நெஞ்சைப் பறிகொடுத்தவர், அந்த ஆசையினாலேயே கெட்டவர் என்று ஒரு முழு மனிதரை உண்டாக்கிவிட்டார். கொல்லிமலையில் பயங்கரமாகத் தெரிந்தவன், வாதாபியில் பரிதாபமாகத் தெரிகிறான். இரண்டையும் படித்தபின் முதல் புத்தகத்தை மறுபடி எடுங்கள். அந்தக் குகைக்குள் போக நமக்குப் பயமாக இருக்காது, வருத்தமாக இருக்கும்.

இதைத்தான் கடன் என்று சொன்னேன். உந்துதல் என்பது வானத்திலிருந்து விழுகிற மின்னல் என்றால், அதற்காகக் காத்திருக்க வேண்டும். கடன் என்றால் காத்திருக்க முடியாது, தீர்க்க வேண்டும். வாசகருக்கு ஒன்றைக் காட்டிவிட்டோம், அதன் வேரையும் காட்ட வேண்டும் என்ற உறுத்தல்தான் ஒரு நாவலாசிரியரை மறுநாளும் மேஜைக்கு இழுத்து வருகிறது. நாலு பேர் குடும்பத்துக்கு நாள் தவறாமல் சமைக்கிற ஒரு பெண்ணிடம், "இன்றைக்கு உனக்கு உந்துதல் வந்ததா?" என்று யாராவது கேட்கிறார்களா?

இடங்களை நேரில் பார்ப்பதையும் கல்கி ஒரு கடமையாகவே வைத்திருந்தார். மாமல்லபுரத்துக் கடற்கரையில் ரஸிகமணி டி.கே.சி.யுடன் உட்கார்ந்திருந்தபோதுதான் பல்லவர் கதை மனசில் உருவெடுத்தது. 'பொன்னியின் செல்வ'னுக்காக ஓவியர் மணியத்தையும் அழைத்துக்கொண்டு இலங்கைக்குப் போய் வந்தார். வந்தியத்தேவனும் பூங்குழலியும் நம் கண்ணுக்குத் தெரிந்ததற்கு இந்தப் பிரயாணமும் ஒரு காரணம்.

சரி, கதையில் வந்த கொல்லிமலையை நாமும் நேரில் பார்க்க வேண்டாமா என்று சமீபத்தில் கிளம்பினேன். நாமக்கல்லில் பஸ் ஏறினால், சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவு வரை எண்ணினேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தை எண்ணினேன். மேலே போனதும் ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது. மிளகுக் கொடி படர்ந்த மரங்கள், காப்பித் தோட்டம், பள்ளத்தில் வயல், மேட்டில் சாமையும் தினையும். குகைக்கும் கபாலத்துக்கும் அங்கே பஞ்சமாக இருந்தது.

சோளக்காட்டில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி விசாரித்தார்:

"எந்த ஊருங்கண்ணு? அருவி பாக்க வந்தீங்களா?"

"அருவியும் பார்க்கணும் அம்மா. ஒரு கதைப் புஸ்தகத்தில் இந்த மலை வருகிறது. அதைப் படித்துவிட்டுத்தான் வந்தேன்."

"கதையில எங்க மலையா? என்ன வருது?"

சொன்னேன். ஒற்றைக் கை மனிதன், குகை, நரபலி. அவர் வாய்விட்டுச் சிரித்தார். சுளையை இலையில் வைத்துக் கொடுத்துக்கொண்டே, "ஏங்கண்ணு, எங்களப் பத்தி ஒண்ணும் வரலியா?" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சுளை மட்டும் தேனாக இனித்தது.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. சங்க காலத்தில் இந்த மலையை ஆண்டவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்தவன் என்று வன்பரணர் என்ற புலவர் பாடியிருக்கிறார். ஆனால் எனக்குப் பிடித்தது அந்த வில் வித்தை அல்ல. காட்டில் பசியோடு வந்த பாணர் கூட்டத்துக்கு இறைச்சியும் மணியும் அள்ளிக் கொடுத்தானாம். அதே மலையில்தான் சிரித்து மயக்கி உயிரைக் கொள்ளும் கொல்லிப்பாவையும் இருந்ததாகப் பழம் பாட்டுகள் சொல்கின்றன. கொடுக்கும் கையும் கொல்லும் சிரிப்புமாக மலைக்கு இரண்டு முகம். கல்கி தம் கதைக்கு வேண்டிய பயங்கரமான முகத்தை எடுத்துக்கொண்டார். அது அவர் உரிமை. மற்ற முகம், மழையை நம்பிச் சாமை விதைத்து, பலாப்பழத்தைத் தலையில் சுமந்து இறக்குகிறவர்களின் முகம், அந்த நாவலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

கல்கியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு மனிதர் எத்தனை கடனைத்தான் தீர்ப்பார்? 1954 டிசம்பர் 5-ம் தேதி, ஐம்பத்தைந்தே வயதில் அவர் காலமானபோது 'அமரதாரா' என்ற தொடர்கதை பாதியில் நின்றது. தகப்பனார் விட்டுச் சென்ற குறிப்புகளை வைத்துக்கொண்டு, மகள் ஆனந்திதான் அதை எழுதி முடித்தார். அப்பாவை இழந்த துக்கத்தோடு, அப்பா வாசகர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஒரு பெண் பேனாவை எடுத்தாள் என்பதை நினைக்கும்போது மனசு நெகிழ்கிறது. கதை எழுதுவது எப்படி என்று எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. அவை எல்லாவற்றையும்விட இந்த ஒரு காரியம் எனக்கு அதிகம் சொல்லித் தருகிறது.

எழுத ஆசை இருந்தும், "எனக்கு நேரம் ஏது, தனி அறை ஏது?" என்று தயங்கும் சகோதரிகள் பலர் இருக்கிறீர்கள் என்று அறிவேன். நேரமும் அறையும் நல்லவைதான், கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஆனால் அவை கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். உங்களை உறுத்துகிற ஒரு கடன் இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டோம் என்று இரவில் தோன்றுகிறதா? அப்படியென்றால் சமையற்கட்டு மேடையே போதும். அரிசி டப்பாவின் மேல் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொள்ளலாம்.

கொல்லிமலையிலும் ஒரு கடன் பாக்கி நிற்கிறது. செம்மேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெண் குழந்தைகள் சாரி சாரியாக வந்ததைப் பார்த்தேன். அவர்களில் ஒருத்தி எழுதட்டும். அந்தத் தொடர்கதையின் முதல் அத்தியாயம் எந்தப் பத்திரிகையில் வந்தாலும், சாதம் அடியில் பிடித்தாலும் பரவாயில்லை என்று படித்துவிட நான் தயார். நீங்களும்தானே?