8.5 என்று வந்த ஒரு கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தோம். கடலில் குளித்துவிட்டு நாழிக்கிணற்றுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, பேத்தி ஈர மணலிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஒற்றைக் கம்மல். திருகாணி இல்லை. "அப்புச்சி, இது தங்கமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முப்பத்து மூன்று வருசம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் ஆயிற்றே. உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "தெரியலை கண்ணு" என்றேன். மகளுக்குச் சிரிப்பு. "அப்பாவுக்குத் தெரியாததுகூட இருக்குதா?" என்றாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

அங்கே அலை திரும்பும் இடத்தில் மணலை வாரித் தட்டில் போட்டு அலசுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். குளிக்கிறவர்கள் தொலைத்த காசும் நகையும்தான் அவர்கள் தேடுவது. தட்டைச் சுழற்றினால் மணல் தண்ணீரோடு போகும், கனமானது அடியில் தங்கும். அவ்வளவுதான் தத்துவம். அவர்களில் ஒரு வயதான அம்மா வந்து கம்மலை வாங்கி, விளிம்பை விரலால் தடவி, வெயிலில் சாய்த்துப் பார்த்தார். "நல்ல பொன்னுதான் ஐயா. ஓரத்தப் பாருங்க, தேஞ்ச இடத்துல நெறம் மாறலைல்லா" என்றார். கவரிங்காக இருந்தால் தேய்மானம் முதலில் தெரிவது விளிம்பில்தான். உள்ளே இருக்கும் செம்போ பித்தளையோ வெளியே வந்து, உப்புத் தண்ணீர் பட்டுப் பச்சை பூத்துவிடும். வெள்ளியாக இருந்தால் கறுத்திருக்கும். தங்கம் மட்டும்தான் கடலுக்குள் எத்தனை நாள் கிடந்தாலும் போட்டபடியே இருக்கும். பரிசோதனைக்கூடம் இல்லாமல் அரை நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார்.

கம்மலை அங்கே பந்தோபஸ்தில் இருந்த காவலரிடம் எழுதிக்கொடுத்து ஒப்படைத்துவிட்டு வந்தோம். மருமகனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்திலேயே, கண்டெடுத்தவன் அந்தப் பொருளுக்குக் காவல்காரனே தவிரச் சொந்தக்காரன் இல்லை என்று இருக்கிறது. உடையவரைத் தேடாமல் வைத்துக்கொள்வது குற்றம். ரயிலில் இதைச் சொல்லிக்கொண்டே வந்ததில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

இனி 1989க்கு வருகிறேன்.

பேரூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அப்போது வேலை. ஒன்பதாம் வகுப்பு. ஆர்க்கிமிடிஸ் தத்துவம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆடிப்பெருக்கு முடிந்து ஒரு வாரம் இருக்கும். கடைசி பெஞ்சில் உட்காரும் பையன் ஒருவன் எழுந்து, டவுசர் பையிலிருந்து காகிதத்தில் மடித்த ஒன்றை எடுத்தான். மஞ்சள் மங்கிய ஒரு மணி. நடுவில் கயிறு கோக்க ஓட்டை. "சார், இது தங்கமுங்களா? நொய்யல்ல கெடச்சதுங்க." படித்துறையில் கூட்டம் கலைந்த பிறகு, அவனும் அவன் அம்மாவும் மணலைச் சலித்துக் காசு பொறுக்குவார்கள். ஆடிப் பதினெட்டில் ஆற்றங்கரையில் தாலிக்கயிறு மாற்றுகிறவர்கள் உண்டு. கயிற்றிலிருந்து நழுவி விழுந்த குண்டு அது.

எனக்கு அன்றைக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாடத்துக்கு நேராகப் பொருள் வந்து நிற்கிறது! ஆய்வகத்துத் தராசைக் கொண்டுவரச் சொன்னேன். காற்றில் 1.62 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 1.43. குறைந்தது 0.19. 1.62ஐ 0.19ஆல் வகுத்தால் 8.5. கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். பக்கத்தில் அட்டவணை: 22 காரட் தங்கம் 17.7க்கு மேல், வெள்ளி 10.5, பித்தளை 8.5. "பித்தளை" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். வகுப்பு ஓவென்று சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவன் மட்டும் மணியை மறுபடி காகிதத்தில் மடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

இரண்டு நாள் கழித்து ஆசிரியர் அறைக்கு வந்து, என் மேசையில் இரண்டு பேரீச்சம்பழம் வைத்தான். பழைய இரும்பு, பித்தளைக்குப் பேரீச்சம்பழம் போடுகிறவரிடம் அவன் அம்மா மற்றச் சாமான்களோடு அதையும் போட்டுவிட்டாராம். எனக்கென்று இரண்டு எடுத்து வைத்திருக்கிறான். தின்றேன்.

எட்டு வருசம் கழித்து மகளுக்குச் சீர் வைத்திருந்தோம். வீட்டுக்காரம்மாவின் பழைய தாலிக்கொடியை அழித்து மகளுக்குத் தோடு செய்யலாம் என்று கோவை டவுனில் தெரிந்த ஆசாரியின் பட்டறைக்குப் போனேன். நம் ஊரில் தங்க வேலை எவ்வளவு நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டறை வீதிகளில் குப்பையையும் சாக்கடை மண்ணையும் கூட்டி அள்ளி, அலசித் துகள் எடுத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிற ஊர் இது. ஆசாரி குண்டுகளைக் கரி நெருப்பில் வைத்து ஊதினார். குபுகுபுவென்று புகை. பட்டறை முழுக்க அரக்கு எரிகிற வாசனை.

"என்னங்க இது?" என்றேன்.

"வாத்தியாருங்களே, குண்டுன்னா உள்ள அரக்குதானுங்க. முழுசாத் தங்கத்துல பண்ணுனா இத்தனூண்டு குண்டு மூணு கிராமுக்கு மேல வந்துருமுங்க. யாரு போடுவாங்க?"

அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அந்த மரப் பெஞ்சிலேயே வேர்த்துவிட்டது.

கணக்கை உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன். தகடு 22 காரட் தங்கம், ஒன்றரை கிராம். உள்ளே அரக்கு, கிராமில் பத்தில் ஒரு பங்கு சொச்சம். அரக்கு கிட்டத்தட்டத் தண்ணீர் அளவே கனம், ஆனால் இடத்தை அடைக்கும். இரண்டையும் சேர்த்து நீரில் முக்கினால் 8.5க்குப் பக்கத்தில் வரும். பித்தளையின் அதே எண். சரி, அது உண்மையிலேயே பித்தளைக் குண்டாக இருந்திருந்தால்? பித்தளைக் குண்டும் உள்ளே கூடுதானே. அப்போது 8.5 வரவே வராது, நாலு ஐந்தில் நிற்கும். கட்டிப் பித்தளையில் வார்த்த மணியாக இருந்தால் 8.5 வரலாம். ஆனால் அந்த மணி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நூல் கட்டும்போது என் விரலிலேயே தட்டுப்பட்டது. கட்டி மணி அப்படி நசுங்காது. நடுவில் இரண்டு அரைக்கிண்ணங்களைச் சேர்த்த கோடும் இருந்தது.

ஆக, தராசு சரியாகத்தான் சொன்னது. உள்ளே கூடு, ஆனாலும் பித்தளைக் கனம் என்றால் மேல்தகடு பித்தளையைவிடக் கனமானது என்றுதான் அர்த்தம். நான் அட்டவணையைப் பார்த்தேனே தவிர மணியைப் பார்க்கவில்லை. ஆர்க்கிமிடிஸ் கிரீடக் கதையை எழுதி வைத்த ரோமானியர் விட்ருவியஸும் கிரீடத்துக்குள் அரக்கு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் நேர்மையான தட்டான் அல்லவா மாட்டியிருப்பான்.

அன்றைக்குப் பவுன் 2,000 ரூபாய்ச் சொச்சம். அந்தக் குண்டு 400 ரூபாய்க்காவது போயிருக்கும். ஆற்று மணல் சலிக்கிற வீட்டுக்கு 400 ரூபாய் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. (தொலைத்த அம்மா ஒருவர் இருந்திருப்பாரே என்று யாராவது கேட்பீர்கள். நியாயம்தான். பித்தளை என்று நான் முடிவு கட்டியதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போனது. அவருக்குத் திரும்பக் கிடைக்கும் வழியும் அன்றோடு அடைபட்டது.)

ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் விடுமுறை நாட்களில் கடற்கரையில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுகிறார். இரண்டு மோதிரங்களின் படத்தை அனுப்பி, "சார், வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?" என்று கேட்டிருந்தார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். அந்தக் கருவிக்கு உலோகம் என்று தெரியும், தங்கம் என்று தெரியாது. மோதிரத்துக்கும் குளிர்பான டப்பாவின் மூடி வளையத்துக்கும் அது ஒரே மாதிரி கத்தும். காந்தம் இரும்பைக் காட்டிக்கொடுக்கும், பித்தளையைக் காட்டிக்கொடுக்காது. நல்ல தங்கச் சங்கிலியின் கொக்கிக்குள் எஃகுச் சுருள் இருந்தால் அந்த இடம் மட்டும் ஒட்டும், அதைப் பார்த்துப் போலி என்று எறிந்துவிடக் கூடாது. முதலில் பூதக்கண்ணாடியில் முத்திரையைத் தேட வேண்டும். 916 என்றால் 22 காரட், 750 என்றால் 18, 585 என்றால் 14, 925 என்றால் வெள்ளி. நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விற்கும் நகையில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யு.ஐ.டி. குறி இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால் விவரம் வரும். ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முத்திரை இல்லாததால் மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது. முத்திரை இருந்தாலும் அதைப் போலியாகவும் குத்தலாம்.

தண்ணீர்க் கணக்கு, ஒரே உலோகத்தில் கட்டியாக வார்த்த, கல் வைக்காத மோதிரத்துக்கு நன்றாக வரும். கூடு, அரக்கு, கல், ஓட்டைக்குள் சிக்கிய காற்றுக் குமிழி எது இருந்தாலும் ஏமாற்றும். கடைகளில் எக்ஸ்ரே வைத்துப் பார்க்கும் காரட் மீட்டர்கூட மேல்தோலைத்தான் படிக்கிறது, கெட்டியான முலாம் அதையும் ஏமாற்றும். உரைகல்லில் கொஞ்சம் அழுத்தி உரைத்து, கோட்டின் மேல் நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் பித்தளைக் கோடு கரைந்து மறையும், 22 காரட் கோடு நிற்கும். இதை வீட்டில் செய்யாதீர்கள், அமிலம். ஆசாரியிடம் போங்கள். அவர் கல்லையும் பார்ப்பார், நகையையும் பார்ப்பார்.

அந்தப் பையன் பத்தாவதோடு நின்று லேத் பட்டறை வேலைக்குப் போனதாகக் கேள்வி. ஆசாரி சொன்ன அன்றே தேடியிருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். செல்வபுரம் தாண்டி அவன் வீடு எனக்குத் தெரியும். சைக்கிளில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மிதியை வேகமாக மிதித்திருக்கிறேன். அப்புறம் மாற்றல் வந்தது, அவர்களும் வீடு மாறிவிட்டார்கள்.

1989இல் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் இருந்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். அன்றைக்குச் சிரித்தவர்களுக்கு அவனை ஞாபகம் இருக்கும். இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். பெயரைக் கீழே எழுத வேண்டாம். இந்தப் பதிவை அவனுக்கு அனுப்பவும் வேண்டாம், நானே நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். அவன் அம்மா இருக்கிறாரா என்பதையும் விசாரித்துச் சொல்லுங்கள்.