கோப்பையில் மிஞ்சிய சோறு

சென்ற மாதம் கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு, மகன் வீட்டிற்குச் சென்றிருந்தேன். "அம்மா, இன்று நீங்கள் குசினிப் பக்கமே போகக் கூடாது" என்று கூறி, ஞாயிறு மதியம் வெள்ளவத்தையிலுள்ள ஓர் உணவுச்சாலைக்கு எங்களை அழைத்துச் சென்றான். சோறு, நண்டுக் குழம்பு, கத்தரிக்காய்ப் பாற்கறி, மோர்மிளகாய் என மேசை நிறைந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கைப்பக்குவத்தை விட நன்றாகவே இருந்தது.

ஆறு வயதுப் பேரன் பாதிச் சோற்றைக் கோப்பையில் விட்டு எழுந்தான். எனக்கு நெஞ்சு அடைத்தது. இரணைமடுக் குளத்து நீரில் நெல் விளைவித்து, வந்தவர்க்கெல்லாம் சோறிட்ட குடும்பம் எங்களுடையது. 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் அதே குடும்பம், அரிசியும் நீரும் உப்பும் மட்டுமே சேர்ந்த கஞ்சிக்கு வரிசையில் நின்றது. அப்போது மகனுக்கு வயது 15. தன் பங்கையும் என் பாத்திரத்தில் ஊற்றி, "நான் குடித்துவிட்டேன், அம்மா" என்றான். பொய்யென்று அறிந்தும் நான் குடித்தேன். இன்றுவரை அதைப்பற்றி நாங்கள் பேசியதில்லை.

பேரனைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன். அதற்குள் மகன் அந்தக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பருக்கையும் மிஞ்சாமல் உண்டு முடித்தான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை.

மே மாதம் அவர்கள் ஊருக்கு வருகிறார்கள். ஆண்டுதோறும் 18ஆம் திகதி நினைவாகக் காய்ச்சும் அக்கஞ்சியில் இம்முறை முதற் பங்கு மகனுக்குத்தான். பேரன் ஏனென்று கேட்பான். சொல்லத்தான் வேண்டும்.