சித்தப்பாவின் சிக்கனம்

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கும்போது சித்தப்பா காரை நியூட்ரலில் தள்ளிவிடுவார். "பெட்ரோல் மிச்சம், தம்பி!" என்று பெருமை வேறு.

கார்புரேட்டர் காலத்தில் அதில் ஓரளவு நியாயம் இருந்தது. இந்தக் காலத்து வண்டியில் கதையே வேறு. கியரில் வைத்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். பெட்ரோல் பாய்வது அடியோடு நின்றுவிடும். நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாதிருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே வரும்! பாரமெல்லாம் பிரேக்கின் தலையில். மலை வளைவில் அது சூடேறிக் கைவிட்டால்? பின்னால் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்களே!

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் கீழே, கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை போகும் நெடுஞ்சாலை. அங்கே 100 கிலோமீட்டர் வேகத்தை 70 ஆகக் குறைத்தால், காற்றின் எதிர்ப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

அங்கேதான் சித்தப்பா பறப்பார்!