தாத்தாவின் வானொலிப் பெட்டி

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய வால்வு வானொலி உண்டு. சரோஜ் நாராயணசுவாமி வாசித்த டில்லிச் செய்திகளைத் தாத்தாவும் பாட்டியும் அதில்தான் கேட்பார்களாம். பாட்டி மறைந்தபின் அதன்மேல் துணி போர்த்திவிட்டார்கள். சென்ற கோடை விடுமுறையில் அக்காள் தங்கை நாங்கள் இருவரும் நச்சரித்து அதைப் போடவைத்தோம். வால்வுகள் மெல்லச் சிவந்தன. பேச்சு வரவில்லை, வண்டு ரீங்காரம்போல ஓர் இரைச்சல்தான் வந்தது. தாத்தா உடனே அணைத்துவிட்டார்.

பழுது பார்க்கும் ஒருவரிடம் தூக்கிச் சென்றோம். "பழைய இரும்புக்குப் போடுங்கள்" என்றார். தாத்தா வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "கண்டென்சர் காய்ந்துவிட்டது, அவ்வளவுதான்" என்றார். இளவயதில் ரேடியோ வேலை கற்றவர் அவர்.

கண்டென்சர் என்பது மின்தேக்கி. குழாயில் விட்டுவிட்டு வரும் தண்ணீரை வாங்கி மாடித் தொட்டி சீராகத் தருகிறதல்லவா? அதுபோல, விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும் மின்சாரத்தை இது சமப்படுத்துகிறது. உள்ளே அலுமினியத் தகடுகளுக்கிடையே ஈரக் காகிதம் இருக்கும். பல ஆண்டுகளில் ஈரம் உலர்ந்தால் தொட்டி சிறுத்துவிடும். அந்த ஏற்ற இறக்கம்தான் இரைச்சலாகக் கேட்கிறது.

அப்பாவுடன் தாம்பரத்தில் ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போனோம். பழையதில் 32 மைக்ரோஃபாரட், 350 வோல்ட் என்றிருந்தது. கிடைத்தது 33, 450 வோல்ட். வோல்ட் கூடலாம், குறையக் கூடாதாம். சுண்டுவிரல் அளவே இருந்ததால், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தோம்!

தாத்தாவுக்குக் கை நடுங்கும். ஆகவே ஈயம் பற்றவைத்தது நாங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்குமாம். ஒரு ரெசிஸ்டர் வழியே அதை இறக்கி, மீட்டர் பூஜ்யம் காட்டிய பின்பே தொடவிட்டார். அப்படியும் எங்களில் ஒருத்தி (யாரென்று சொல்லமாட்டோம்) மைனஸ் பக்கத்தை மாற்றி வைத்துவிட்டாள். தாத்தா கவனித்திராவிட்டால் அது வெடித்தே இருக்கும்.

இரைச்சல் போயிற்று. ஆனால் குரல் கரகரத்தது. ஒலிபெருக்கிக்கு முன்னுள்ள வால்வு மிகவும் சூடாயிற்று. மெழுகு பூசிய சின்னக் காகித மின்தேக்கி ஒன்று மின்சாரத்தைக் கசியவிட்டு அந்த வால்வை வாட்டிக்கொண்டிருந்ததாம். பொதுத் தேர்வு வருகிறதே என்று அம்மா கடிந்துகொள்ள, மறுபடியும் ரிச்சி தெரு.

அன்று மாலை செய்தி தெளிவாகக் கேட்டது. தாத்தா கண்களை மூடி உட்கார்ந்திருந்தார். சிறிது நேரங்கழித்து, "கொஞ்சம் குறைத்து வையுங்களம்மா, பாட்டிக்குச் சத்தம் ஆகாது" என்றவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

நாங்கள் குறைத்து வைத்தோம்.